20 சதவீத முதுகுவலியும் ‘நானா’ என்ற நான்கெழுத்தும்: ஓர் ஓட்டுநர் ஹவில்தாருக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 1995-இல் ராணுவத்தில் ஓட்டுநராகச் சேர்ந்து, 24 ஆண்டுகள் முடித்து 2019-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். 2009 குளிர்காலத்தில் லடாக்கின் எல்லைப் பகுதியான திராஸ் பக்கம் ஸ்டாலியன் என்ற ராணுவ லாரியின் சக்கரத்தை மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. யூனிட்டின் சிறிய மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் ஊசி போட்டு, மூன்று நாள் ஓய்வு கொடுத்து, மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். 2011-இல் அமைதிப் பகுதி ஒன்றுக்கு மாற்றலாகி வந்தபின் ராணுவ மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையே ஜவ்வு விலகியிருந்தது, மெடிக்கல் கேட்டகிரி (பணிக்கான உடல்தகுதித் தரம்) இறங்கியது. ஓய்வு பெறும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு ‘20 சதவீதம், ஆயுள் முழுவதும்’ என்று எழுதியது. அடுத்த வரியிலேயே, இது பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல என்றும் எழுதிவிட்டது. 2020-இல் முதல் அப்பீலும் தள்ளுபடி. இப்போது இடது கால் மரத்துப்போகிறது, நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதே தெரிவதில்லை. தனியார் மருத்துவர் 40 சதவீதம் என்று சான்று கொடுத்திருக்கிறார். “சாப், இந்த 40-ஐ வைத்து மறுபடி கேட்கலாமா, இல்லை காலம் கடந்துவிட்டதா?” என்கிறார்.

தம்பி, காலம் கடக்கவில்லை. ஆனால் அந்த 40-ஐ வைத்துக் கேட்காதீர்கள். அது உங்கள் வழக்கைத் தவறான வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் வக்கீல் அல்ல. கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி மற்றவர்களின் ஆவணங்களோடுதான் போனது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் ஓய்வுக்குப் பிறகும் யாராவது ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் ஆரம்பிக்கிறார்கள்: “வலி அதிகமாகிவிட்டது, சதவீதத்தை ஏற்ற வேண்டும்.”

சதவீதத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். உங்களுக்கு சர்வீஸ் பென்ஷன் ஏற்கெனவே வருகிறது. நீங்கள் கேட்பது அதன் மேல் சேரும் டிஸபிலிட்டி பங்கு. 100 சதவீதக் குறைபாட்டுக்கு அது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், குறைவானதற்கு அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முழுத் தொகை 15,000. உங்கள் 20-க்கு 3,000. இதோடு அகவிலை நிவாரணம் தனி.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு படி இருக்கிறது. 2001 ஜனவரி 31-ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி, 50-க்குக் குறைவான குறைபாட்டை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். மருத்துவக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு பல காலம் வாதாடியது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணிக்காலம் முடித்து முறைப்படி வெளியே வந்தவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு என்றாகிவிட்டது.

அப்படியானால் உங்கள் 20, கணக்கில் 50 ஆகிறது. 3,000 ரூபாய் 7,500 ஆகிறது. இப்போது அந்த 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 50 தான் ஆகும். எம்.ஆர்.ஐ.க்குச் செலவழித்து, மருத்துவர் வாசலில் காத்துக்கிடந்து 20-ஐ 40 ஆக்குவதில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. மெடிக்கல் போர்டு ‘ஆயுள் முழுவதும்’ என்று எழுதிக் கொடுத்த 20 உங்கள் கையில் இருக்கும் தங்கம். அதை உரசிப் பார்க்கச் சொல்லி நீங்களே நீட்ட வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு மருத்துவமனையில் கொடுக்கும் சதவீதமும் ராணுவ போர்டின் சதவீதமும் ஒன்றல்ல. அட்டையை வைத்துச் சலுகை பெற 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 என்ற வரம்பு இருக்கிறது. ராணுவத்தில் 20 போதும். ‘40 கிடைத்தால்தான் டிஸபிலிட்டி பென்ஷன்’ என்று உங்களிடம் யாரோ சொன்னது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்த பேச்சு.

சரி, சண்டை எங்கே? சதவீதத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில். பணியால் நேர்ந்ததா, பணியால் முற்றியதா, இரண்டும் இல்லையா என்று மூன்று விடைகள். மூன்றாவதன் ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் (NANA) அலுவலகத்தில் ‘நானா’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது நான்கு எழுத்து. தமிழ் காதுக்கு அது கேள்வி மாதிரி விழும். எங்கள் பக்கத்து ஜவான் ஒருவர், “டாக்டர் ‘நானா’ என்று எழுதியிருக்கிறார் சாப், பின்னே யாராம்?” என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் ‘நானா’வுக்கு போர்டு சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, நோய் தொடங்கியது 2011-இல், அமைதிப் பகுதியில். இரண்டு, இது வயதால் வரும் ஜவ்வுத் தேய்மானம். முதல் காரணம் தவறான தகவல். 2011 நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு. தொடங்கியது 2009-இல், திராஸில். கண்டுபிடித்த இடத்தையே பிறந்த இடமாக எழுதிவிடுவது இந்தப் படிவங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. முன்னணிப் பகுதியில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் கிடையாது. அங்கே வலிக்கிறவனுக்குக் கிடைப்பது ஊசியும் இரண்டு நாள் ஓய்வும். கீழே இறங்கி வந்த பிறகுதான் படம் எடுப்பார்கள். அப்புறம் படம் எடுத்த ஊரின் பெயர் கட்டத்தில் ஏறும். அமைதிப் பகுதியில் தொடங்கிய நோய் என்றாலே பணிக்குச் சம்பந்தமில்லை என்ற தர்க்கத்தை ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் பலமுறை நிராகரித்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் அந்தத் தர்க்கத்தோடு மோதுவதற்கு முன்னால் அந்தத் தகவலையே உடைக்க முடியும் என்பதுதான் உங்கள் பலம்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கடினமானது. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு ஜவ்வு சற்றுப் பிதுங்கியிருக்கும். எனவே ‘தேய்மானம்’ என்று போர்டு சொல்வது அபத்தம் அல்ல. அது விடையில் பாதி. ஆண்டுக்கணக்கில் கனரக வாகனத்தின் அதிர்வில் உட்கார்ந்திருப்பதும், குனிந்து கனம் தூக்குவதும் கீழ்முதுகு வலிக்கு அறியப்பட்ட காரணங்கள். தேய்மானம் தானாகவே தொடங்கியது என்று வைத்துக்கொண்டாலும், பணி அதை முற்றச் செய்ததா என்ற கேள்விக்கு போர்டு பதில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் தாளில் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் இல்லை.

காரணம் எழுதாத ‘இல்லை’ செல்லாது என்பதுதான் தரம்வீர் சிங் வழக்கின் சாரம். 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய் வந்து 1994-இல் அனுப்பப்பட்டார். 20 சதவீதம், பிறவி உடல்வாகு சார்ந்தது, பணிக்குத் தொடர்பில்லை என்றது போர்டு. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் அந்த நோய் குறிக்கப்படாவிட்டால் ஆள் நல்ல உடல்நிலையில் வந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை அவர்மேல் இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் பலன் அவருக்கே. போர்டு வேறு முடிவுக்கு வந்தால் காரணத்தைப் பதிய வேண்டும். அடுத்த ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கிலும் நீதிமன்றம் இதே வழியில் சென்றது.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்றது 2008-ஆம் ஆண்டு விதிகள் நடப்பிலிருந்தபோது. ஆள் எடுக்கும்போது செய்யும் பரிசோதனை மேலோட்டமானது, உள்ளே உறங்கும் நோயை அது காட்டாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. அரசு வக்கீல் இதை வாசிப்பார். நரசிங் யாதவ் வழக்கில் 2019-இல், மனநோய் விஷயத்தில், பழைய அனுமானத்தை இயந்திரத்தனமாகப் பொருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே தரம்வீர் சிங் பெயரைச் சொன்னதும் கதவு திறந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதே 2008 விதிகளில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியும் இருக்கிறது: சாதாரணமாக மனுதாரர் நிரூபிக்க வேண்டியதில்லை, ஓய்வு பெற்று 15 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தால்தான் சுமை அவர்மேல் விழும். நீங்கள் அந்த எல்லைக்கு வெகு முன்னால் நிற்கிறீர்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அவர்கள் இந்தப் பதிலை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இனி காகிதம். உருக்கமாக மனு எழுதுவதை ஒத்திவையுங்கள். முதல் வேலையாக உங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போடுங்கள். ‘என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்’ என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு தாள் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற ரிலீஸ் போர்டின் எல்லாப் பக்கங்களும், 2011 முதல் நடந்த ஒவ்வொரு கேட்டகிரி போர்டும், 2011 மருத்துவமனை கேஸ் ஷீட், சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, போஸ்டிங் விவரம் அடங்கிய சர்வீஸ் பதிவு, முதல் அப்பீலைத் தள்ளிய முழு உத்தரவு.

இவற்றில் நான் முதலில் புரட்டுவது 2011 கேஸ் ஷீட்டைத்தான். மருத்துவமனையில் சேர்க்கும்போது மருத்துவர் கேட்டு எழுதும் வரலாறு அதில் இருக்கும். ‘இரண்டு ஆண்டுகளாக வலி, கனம் தூக்கியபோது தொடங்கியது’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், போர்டின் முதல் காரணம் அங்கேயே விழுந்துவிடும். ஓய்வுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், பென்ஷன் நினைப்பே இல்லாத நாளில் சொன்ன சொல் அது. அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, ரிலீஸ் போர்டு படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்ட சொந்த வாக்குமூலப் பகுதி. கிளார்க்காக இருந்தபோது அந்தப் பக்கத்தில் ஜவான்கள் கையெழுத்துப் போடுவதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போகும் அவசரம், ஆங்கிலப் படிவம், பின்னால் வரிசை. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நோய் எங்கே, எப்போது தொடங்கியது என்று அதில் உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இப்போதாவது பாருங்கள். உங்களுக்கு எதிராக இருந்தால் மறைக்க வேண்டாம், அது அவர்களிடமும் இருக்கிறது. எப்படி நேர்ந்தது என்று விளக்கத் தயாராகுங்கள்.

கமாண்டிங் ஆபீசர் எழுதிய பகுதியும் முக்கியம். கேட்டகிரி இறங்கிய பிறகும் உங்களை வண்டி ஓட்ட வைத்தார்களா? ஆம் என்றால் ‘பணியால் முற்றியது’ என்பதற்கு அதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை. அந்தக் காலத்து டியூட்டி விவரங்களும் வாகனப் பதிவுகளும் இன்று கிடைப்பது அரிது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இப்போது கால். செருப்பு கழன்று போவது தெரியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். பென்ஷன் கிடக்கட்டும். மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போனாலோ, அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அப்படி இல்லை என்றாலும் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

வழக்குக்கும் இந்தக் கால் ஒரு விதத்தில் தேவைப்படும். எம்.ஆர்.ஐ. காட்டுவது ஜவ்வை. நரம்பு வேலை செய்கிறதா என்பதை அது நேராகக் காட்டாது. அதற்கு நரம்புக் கடத்துத்திறன் சோதனை இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ‘மரத்துப்போவது சர்க்கரையால்’ என்று எதிர்த் தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி ஏறிவரும். முதுகில் நசுங்கிய நரம்பு அது போகும் வழியில், பெரும்பாலும் ஒரே காலில், தன் வேலையைக் காட்டும். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, பெருவிரலில் பலம் குறைவது இவற்றையெல்லாம் மருத்துவர் சோதித்து எழுதித் தந்தால் அது வலியைப் போல ‘அவர் சொல்கிறார்’ வகையில் சேராது, பார்த்து அளந்ததாகிவிடும். நரம்பு பாதிப்பு உண்மையிலேயே முற்றி, மொத்தம் 50-ஐ எட்டும் நிலை வந்தால் அப்போது மறுபரிசீலனை போர்டு கேட்பதில் அர்த்தம் உண்டு, அடுத்த படி 75. அதற்கு முன் ‘நானா’ நீங்க வேண்டும். பணிக்குச் சம்பந்தமில்லை என்று நிற்கும் நோய்க்கு எத்தனை சதவீதம் போட்டாலும் பலன் பூஜ்யம்தான்.

இன்னொருவர், முதுகுத்தண்டு இறுகும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கு இதே வழி பொருந்துமா என்று கேட்டிருந்தார். அது மரபணுத் தொடர்புள்ள நோய், ‘பணியால் நேர்ந்தது’ என்று வாதாடுவது வீண். இருபது வயதை ஒட்டித் தலைகாட்டும் நோயோடு பனியிலும் மலையிலும் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கினார்கள், அதனால் முற்றியது என்று கேட்பதே சரி. விடுமுறையில் அடிபட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஜுஜார் சிங் ஆண்டு விடுப்பில் ஸ்கூட்டர் விபத்தில் சிக்கியவர். பணிக்கும் காயத்துக்கும் தொடர்பு வேண்டும் என்று சொல்லி 2011-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வழி எப்படிப் போகும் என்றால், ஆவணங்கள் வந்ததும் இரண்டாவது அப்பீல் போடுங்கள். நாள் கடந்துவிட்டது என்று திருப்பினாலும் அந்தத் திருப்பிய கடிதம் உங்களுக்கு உதவும். ஆறு மாதம் பதிலே வராவிட்டால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளையில் மனு, கூடவே தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு. பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதம் கதவை அடைக்காது. ஆனால் பையை இளைக்க வைக்கும். தர்செம் சிங் 1983-இல் அனுப்பப்பட்டு 1999-இல்தான் நீதிமன்றம் போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நிலுவையை மனுப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் என்ற அளவில் நிறுத்தியது. தாமதமாக வருபவர்களுக்குப் பொதுவாக இந்த அளவுகோல்தான் காத்திருக்கும். உங்களுக்கும் 2019-இன் முதல் சில ஆண்டுகள் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இனிப் போகும் ஒவ்வொரு மாதமும் அதோடு சேரும்.

மனுவில் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: ‘நானா’ என்ற முடிவை நீக்கி டிஸபிலிட்டி பங்கு வழங்க வேண்டும், 20-ஐ 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். இரண்டாவதைக் கேட்க மறந்துவிட்டு, ஜெயித்த பிறகு மறுபடி தீர்ப்பாயத்துக்கு நடந்தவர்களை எனக்குத் தெரியும். தோற்றால் உச்ச நீதிமன்றம் போக வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023-இல் தீர்ப்பு வந்துவிட்டது.

நிலுவையில் பாதி கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் போன் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேச வக்கீல்களுக்கு அவர்களுடைய நடத்தை விதியிலேயே அனுமதி இல்லை. வக்கீல் அல்லாத ஒருவருக்கு உங்கள் பணத்தில் பங்கு கேட்க என்ன உரிமை? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். தீர்ப்பாயத்தில் நீங்களே நேராக நின்று வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. உங்கள் வழக்கு மருத்துவ வாதம் வரை போகும் என்பதால் நல்ல வக்கீல் ஒருவரைப் பேசிய கட்டணத்துக்கு வைத்துக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம்.

கடைசியாக அந்த எம்.ஐ. ரூம் விஷயம். 2009 சிக் ரிப்போர்ட் புத்தகம் இன்று எங்கேயாவது இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று வண்டியில் உங்களோடு இருந்த கோ-டிரைவர் கேரளத்துக்காரர், இன்னும் தொடர்பில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பார்த்ததை, பார்த்த அளவுக்கு மட்டும், நோட்டரி முன் ஒரு பிரமாண வாக்குமூலமாக எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த மாதம், எந்த வண்டி, எந்த இடம், யார் தூக்கி உட்கார வைத்தார்கள் என்பது போதும். ஜவ்வு, நரம்பு என்று அவர் மருத்துவம் பேச வேண்டாம். 2011 கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் அதன் முதல் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மற்றதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.